இறைக்காத இரண்டு நாட்கள்

கேதீஸ்வரி ஒரு கையால் கிணற்றுக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் இருந்த போனைக் கிணற்றுக்குள் நீட்டினாள். விழுந்தால் போச்சு. அண்ணன் மகள் புதுசு வாங்கியதும் கழித்துக் கொடுத்த போன் அது. மூலையில் கண்ணாடி வெடித்திருந்தாலும் படம் தெரியும், குரல் கேட்கும். போனுக்குள் சஞ்சீவன் நின்றான். சுவிஸில் எங்கேயோ ஒரு மலையடி ஊரில், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கீழை பிடியுங்கோ அக்கா, தண்ணி தெரியேல்லை," என்றான். நாலு வயதில் தாயின் இடுப்பிலிருந்து வேலணையைக் கடைசியாகப் பார்த்தவன். இப்போது முன்னந்தலை வழுக்கை விழுந்துவிட்டது. அவள் இன்னும் குனிந்தாள். மாசி மாதம். மாரி மழை விட்டு அதிக நாள் இல்லை. தண்ணீர் மேலேறித் தெளிவாக நின்றது.

"ஐயோ, எவ்வளவு தண்ணி! உது எங்கடை கிணறோ?"

"எல்லாருக்கும் பொதுக் கிணறு தம்பி. அஞ்சு பங்கு. அதிலை உங்கடை ஆக்களுக்கு ரெண்டு."

அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தான். கண் கலங்கினானோ, இல்லை அடுப்புப் புகைதானோ, வெடித்த கண்ணாடியில் அவளுக்குப் பிடிபடவில்லை.

வேலணையில் தோட்டக் கிணறு என்றால் அநேகமாகப் பங்குக் கிணறுதான். காணியின் நாலு எல்லையையும் எழுதிய கையோடு, கிணற்றிலும் வாய்க்காலிலும் இத்தனை பங்கு என்று உறுதிப் பத்திரத்தில் எழுதி வைத்திருப்பார்கள். இந்தக் கிணற்றுக்கு ஐந்து நாள் ஒரு சுற்று. முதல் இரண்டு நாளும் பரராசசிங்கத்தாருடையது. ஒன்று தகப்பன் வழியில் வந்தது, மற்றது மனைவி நாகபூசணி கொண்டுவந்த சீதனம். மூன்றாம் நாள் கேதீஸ்வரியுடையது. நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் சஞ்சீவன் வீட்டாருடையது. அவர்கள் தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து போனவர்கள், பிறகு வரவேயில்லை. அன்றிலிருந்து அந்த இரண்டு நாளும் ஒருவரும் இறைப்பதில்லை. அடுத்தவன் முறையில் கை வைப்பது சின்ன விசயமல்ல. அதற்காக மண்வெட்டி தூக்கியவர்கள் உண்டு, பிள்ளைகளின் கலியாண வீட்டுக்குப் போகாமல் விட்டவர்களும் உண்டு.

கேதீஸ்வரிக்கு அந்த இரண்டு நாளும் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தத் தொடங்கியது ஒட்டுப்புல் நட்ட பிறகுதான். தடியை வெட்டி நட்டால் மூன்று மாதத்தில் ஆளை மறைக்க வளரும் புல் அது. வளரும்தான், ஆனால் ஓயாமல் தண்ணீர் கேட்கும். ஐந்து நாளுக்கு ஒருதரம் இறைத்தால் இரண்டாம் நாளே இலை சுருண்டுவிடும். ஏன் இந்தப் புல்லுக்காக இவ்வளவு பாடு என்று கேட்டால், அதற்குக் கொக்குவிலில் இருந்து தொடங்க வேண்டும்.

கொக்குவிலில் அவளுடைய அண்ணன் வீடு. கொழும்பில் கடையில் நின்ற புருசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த பிறகு, பிள்ளை குட்டியில்லாத அவள் அங்கே பதினொரு வருசம் இருந்தாள். இருந்தாள் என்பதைவிட அந்த வீட்டுக் குசினியில் நின்றாள் என்பதுதான் சரி. ஒருவரும் அவளை ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. அண்ணி நல்ல மனுசி. ஆனால் காலையில் முதல் எழும்புகிறவளும் கடைசியாகச் சாப்பிடுகிறவளும் கேதீஸ்வரிதான். விருந்தினர் வந்தால் கதிரைகள் எண்ணிப் போடப்படும், அந்த எண்ணிக்கையில் அவள் இருக்க மாட்டாள். ஒருநாள் வந்த யாரோ ஒரு மனுசி, "உங்கடை வீட்டு வேலைக்கு நிக்கிறவ நல்லாத் தேத்தண்ணி போடுறா," என்று அண்ணியிடம் சொல்ல, அண்ணி திருத்தாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் கேதீஸ்வரியால் தாங்க முடியவில்லை. அடுத்த மாதமே வேலணைக்கு வந்து, கூரை போன தன் சீதன வீட்டில் தறப்பாளைக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

வாழ்வாதாரம் என்று ஒரு நிறுவனம் கொடுத்த நாட்டு மாடு ஒன்றோடு தொடங்கினாள். அது கொடுக்கும் மட்டு மட்டான ஒரு லீற்றர் பாலையும், ஐந்து நாளுக்கு ஒரு தண்ணீரில் விளைந்த கீரையையும் கத்தரிக்காயையும் கொண்டு நாலு வருசம் வயிற்றைக் கழுவினாள். பிறகு சீட்டுப் பிடித்து, உரும்பிராயிலிருந்து இன்னும் கன்று போடாத ஒரு ஜேர்சிக் கலப்பு நாகு வாங்கினாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் பெயரும் சுட்டி. பழைய மாட்டுக்கு அதுவரை பெயரே இருந்ததில்லை. சுட்டி வந்ததும் அது கிழவி ஆகிவிட்டது. சுட்டி கன்று போட்டது, அதுவும் பெண் கன்று. பால் சங்கத்து ஆள் தன் மோட்டார்சைக்கிளை அவள் படலையிலும் நிற்பாட்டத் தொடங்கினார். ஆனால் பனையோலையைக் கிழித்துப் போட்டால் கிழவி தின்னும், சுட்டி மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். செல்லம். அதற்குப் பச்சைப் புல் வேண்டும்.

பரராசசிங்கத்தாரிடம் அவள் இரண்டுதரம் கேட்டுப் பார்த்தாள். அறுபத்தைந்து வயதிலும் நாலு பரப்புக் காணியில் வெங்காயம் செய்கிற மனுசன். அதிகம் பேசமாட்டார்.

"அண்ணை, அந்த ரெண்டு நாளும் சும்மாதானே போகுது. ஒரு மணித்தியாலம் புல்லுக்கு இறைக்கட்டே?"

"வேண்டாம் கேதீஸ். அது அவையின்ரை முறை."

"அவை எங்கை, முறை எங்கை?"

"எங்கை இருந்தாலும் அவையின்ரை முறை," என்றார். சொல்லிவிட்டு வாய்க்காலைத் திருப்பப் போய்விட்டார்.

இந்த மனுசன் ஊரில் இல்லாதவனுக்கும் காவல் இருக்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நான் முன்னுக்கு வருவது பிடிக்கவில்லையோ என்றுகூட ஒருநாள் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிறகு அவள் அழுதது வேறு கதை. உரிமைக்காரனிடமே கேட்டுவிட்டால் வாய் அடங்கும்தானே என்று, கோயில் திருவிழா உபயக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்துச் சஞ்சீவனின் இலக்கத்தைப் பிடித்தாள். அப்படித்தான் அன்று போன் கிணற்றுக்குள் போனது.

"எடுங்கோ அக்கா," என்றான் சஞ்சீவன். "எவ்வளவு வேணுமோ எடுங்கோ. ஆருக்கெண்டாலும் பயன்பட்டால் சந்தோசம்தானே. அம்மா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பா."

அதையே குரல் பதிவாகவும் அனுப்பினான். அவள் அதைக் கொண்டுபோய்ப் பரராசசிங்கத்தாருக்குப் போட்டுக் காட்டினாள். வெங்காயத்துக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றியபடி முழுவதையும் கேட்டார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "உரிமைக்காரர் சொன்னால் நான் என்னத்தைச் சொல்ல," என்று திரும்பவும் குனிந்துவிட்டார். நாகபூசணி அக்கா மட்டும் கொட்டிலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. அந்த நாலு மாதமும் கேதீஸ்வரியின் வாழ்க்கையில் நல்ல காலம், அதை மறைக்கத் தேவையில்லை. தண்ணீர் இறைக்கிற மிசின் ஐந்து நாளில் மூன்று நாள் அவளுக்காக ஓடியது. புல் அவளுக்கு மேலால் எழும்பி நின்றது. வெட்ட வெட்டத் தழைத்தது. ஆறு லீற்றர் கறந்த சுட்டி ஒன்பது கறந்தது, பிறகு பதினொன்று. கன்றின் மயிர் மினுங்கியது. குசினிக்குத் தகரம் போட்டு முடித்தாள், இரண்டு பிளாஸ்ரிக் கதிரை வாங்கினாள். சித்திரை வருசப் பிறப்புக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி அந்தக் கதிரையில் இருந்து, சுட்டியின் பாலில் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "மெய்யாய்க் கேதீஸ், நீ தனியாச் சமாளிப்பாய் எண்டு நான் நினைக்கேல்லை," என்றாள். கேதீஸ்வரி குசினிக்குள் போய்ச் சீனிப் போத்தலைத் தேடுகிற சாட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். பதினொரு வருசத்துக்கும் சேர்த்துச் சிரித்தாள்.

ஆனி மாதம் தென்மேற்குச் சோளகக் காற்று தொடங்கியது. ஒருநாள் காலை சுட்டி வாளிக்குள் மூக்கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டது. வாளியில் பாசி பிடித்துவிட்டதாக்கும் என்று அவள் தேங்காய்த் தும்பால் உரஞ்சிக் கழுவினாள். திரும்பவும் வைத்தாள். சுட்டி உதட்டை நனைத்துத் தலையை உதறியது. காய்ச்சலோ என்று காதைத் தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்துதான் கிடந்தது. கிழவிக்கு அதே வாளியை வைத்தாள். கிழவி அடி வரை குடித்துவிட்டு அவளைப் பார்த்தது. கிழவி குடிக்குதுதானே, அப்ப தண்ணியிலை ஒண்டும் இல்லை, இவளின்ரை செல்லம் கூடிப் போச்சு என்று சுட்டியைத்தான் ஏசினாள். கிழவி தீவிலேயே பிறந்து, மாரிக் குளத்திலும் கோடைச் சேற்றிலும் கிடைத்ததைக் குடித்து வளர்ந்தது என்பது அவளுக்கு அப்போது நினைவு வரவில்லை.

மூன்றாம் நாள்தான் கையில் அள்ளி வாயில் விட்டாள். அந்தத் தண்ணீரை அவள் குடித்து வருசக் கணக்காகியிருந்தது. குடிக்கத் தண்ணீர் பவுசரில் வரும், ஒழுங்கை முகப்புத் தாங்கியில் நிரப்பிவிட்டுப் போவார்கள். கிணறு மாட்டுக்கும் தோட்டத்துக்கும்தான். வாயில் விட்டவள் துப்பினாள். சவர். உப்பு கொஞ்ச நஞ்சமில்லை, நாக்கில் நின்று பிடித்தது.

ஊரில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும், சவரான கிணறு என்றால் என்னவென்று. கீழே கடல், மேலே மழை விட்டுச்சென்ற நன்னீர். அளவாக அள்ளினால் மேல் தண்ணீர் வரும். அளவுக்கு மிஞ்சினால் கீழிருந்து கடல் ஏறும். ஏறினால் இறங்க வருசங்கள் வேண்டும். கேதீஸ்வரி அப்படியே கிணற்றுக் கட்டில் குந்திவிட்டாள். அப்பாலே பரராசசிங்கத்தாரின் வெங்காயம் நாலு பரப்பும் பச்சையாக நின்றது, இன்னும் மூன்று கிழமையில் கிண்டி எடுக்கலாம். அடுத்த நாள் அவருடைய முறை.

அன்று பின்னேரமே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. காற்றுக் காலத்தில் கொஞ்சம் சவர்ப்பதுதான், இரண்டு நாள் இறைக்காமல் விட்டால் சரியாகிவிடும் என்று தன்னைத் தானே தேற்றினாள். சொன்னால் எல்லாம் முடிந்துவிடும், சொல்லாத வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்பது போன்ற ஒரு குழந்தைப் புத்தி. பயம் வந்தால் பெரிய மனுசருக்கும் அது வரும். அடுத்த நாள் காலை மிசின் சத்தம் கேட்டது. அவள் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டாள். அதற்கு அடுத்த நாளும் கேட்டது. தன் முறையும் வந்தது, அவள் இறைக்கவில்லை. சஞ்சீவனின் இரண்டு நாளும் வந்தன, இறைக்கவில்லை. ஆறாம் நாள் வேலியால் பார்த்தபோது வெங்காயத் தாள்களின் நுனி முழுக்கக் கருகியிருந்தது.

நாகபூசணி அக்கா பாத்திக்குள் நின்று, "நோய் வந்திட்டுது போலை, மருந்து அடிக்க வேணும் எண்டு இவர் சொல்லுறார்," என்றாள். கேதீஸ்வரி, "ஓம் அக்கா," என்றாள். அந்த ஒரு சொல்லை நினைத்து நினைத்து அவள் பிறகு எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அன்று பின்னேரம் பரராசசிங்கத்தார் அவளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். கிணற்றுக் கட்டில் ஒரு பிடி வெங்காயம் பிடுங்கி வைத்திருந்தது. சின்ன நெல்லிக்காய் அளவில்தான் காய் பிடித்திருந்தது. பக்கத்தில் ஒரு கோப்பையில் தண்ணீர்.

"கேதீஸ், இதிலை கொஞ்சம் வாயிலை விட்டுப் பாரும்."

"பாத்திட்டன் அண்ணை."

"எப்ப?"

அவளுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. வாய் வரவில்லை. "ஆறு நாளாச்சு."

அவர் கோப்பையை எடுத்து மெல்லச் சரித்து ஊற்றினார். ஆறு நாளுக்குள் அவர் இரண்டு முறை இறைத்திருந்தார். அந்தக் கணக்கை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள், இரண்டு அடி போட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு அழுதிருப்பாள். அவர் ஏசவில்லை.

"நானும்தான் சொல்லேல்லை," என்றார் கடைசியில்.

"என்ன அண்ணை?"

"மிசின் வந்த பிறகும் இந்தக் கிணறு நல்ல தண்ணியா நிண்டது ஏன் எண்டு தெரியுமே? துலாவாலை அள்ளின காலத்திலை அஞ்சு நாளும் ஆக்கள் அள்ளினது. கை நோகும், நிப்பாட்டுவம். மிசினுக்குக் கை நோகாது. மூண்டு நாள் நாங்கள் உறிஞ்சுறதை அந்த ரெண்டு நாளிலை ஊற்று ஆறுதலா நிரப்பிப்போடும். அவை போனபடியால்தான் கிணறு தப்பி நிண்டது. எனக்கு அது கன காலமாத் தெரியும்."

"தெரிஞ்சால் என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அண்ணை!" அவளுக்குக் குரல் கிழிந்தது. "அவையின்ரை முறை, அவையின்ரை முறை எண்டால் எனக்கு என்ன விளங்கும்?"

"எப்பிடிச் சொல்லுறது? ஷெல்லுக்குள்ளாலை பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடின சனம். உவை ஓடினது எங்களுக்கு நல்லதாப் போச்சு, உவை இல்லாத தண்ணியிலைதான் என்ரை வெங்காயம் விளையுது எண்டு சொல்லுறதோ? அதுவும் அந்தப் பொடியன் போனிலை உப்பிடிச் சந்தோசமாக் கதைக்கேக்கை? எனக்கு வாய் வரேல்லை கேதீஸ்."

காற்று பனைகளைப் போட்டு அடித்தது. இனி என்ன செய்வது என்று அவள் கேட்டாள். மழை வரட்டும் என்றார் அவர். இரண்டு மாரி, மூன்று மாரி பார்க்க வேண்டும், சில கிணறு திரும்பும், சிலது திரும்பாது. எழும்பிப் போய் மிசினின் குழாயைக் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஐந்து நாளும் அந்தக் கிணற்றில் ஒருவருக்கும் முறை இல்லாமல் போயிற்று.

வெங்காயம் அப்படியே கருகிக் கிடந்தது. அவர் அதைக் கிண்டவும் இல்லை, உழவும் இல்லை. நாகபூசணி அக்கா படலையடியில் கண்டால் முன்னைப் போலவே, "சாப்பிட்டியே?" என்று கேட்டாள். ஆனால் முன்னைப் போல நின்று கதைக்கவில்லை, கேட்டுவிட்டு நடந்துவிட்டாள்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சஞ்சீவன் போன் எடுத்தான். பிள்ளைகளுக்குக் கிணற்றைக் காட்ட வேண்டுமாம். இரண்டு பெண் பிள்ளைகள் திரைக்குள் முண்டியடித்தார்கள். கேதீஸ்வரி சொல்லிவிடத்தான் நினைத்தாள். தம்பி, கிணறு சவராப் போச்சு, நீங்கள் தந்த ரெண்டு நாளும் நான்தான் இறைச்சனான். வசனம் முழுவதும் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அவன், "பாருங்கோ, இது அப்பப்பா வெட்டின கிணறு," என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் அவள் போனைக் கிணற்றுக்குள் நீட்டினாள். தண்ணீர் எப்போதும் போலத் தெளிவாக, வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. படத்தில் உப்புத் தெரியாது. பிள்ளைகள் வேற்றுப் பாசையில் என்னவோ கத்தினார்கள். "வடிவா இருக்காம் அக்கா," என்றான் சஞ்சீவன். "வாற வருசம் கூட்டிக்கொண்டு வாறன். அதிலை குளிக்க வேணுமாம்." அவள், "வாங்கோ தம்பி, வாங்கோ," என்றாள்.

சுட்டிக்குத் தண்ணீர் தேடுவதே அவளுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. கறவை மாடு ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது லீற்றர் குடிக்கும். பவுசர்த் தண்ணீரில் இரண்டு வாளி எடுத்தபோது ஒழுங்கைச் சனம் ஒன்றும் சொல்லவில்லை, மூன்றாவது வாளிக்கு, "இது மனிசர் குடிக்கிறதுக்கு," என்று ஒருத்தி சொன்னாள். அவள் சொன்னதிலும் பிழையில்லை. ஒன்றரைக் கட்டை தூரம் தள்ளி இருந்த கோயில் கிணற்றிலிருந்து சைக்கிளில் இரண்டு கலன் கட்டிக் காலையும் பின்னேரமும் உழக்கினாள். எதிர்க் காற்றுக்குச் சைக்கிள் நகராது; இறங்கித் தள்ளுவாள். இடுப்பு விட்டுப் போனது. புல் வேரோடு மஞ்சளாகிச் சாய்ந்தது. பதினொரு லீற்றர் ஏழாகி, நாலாகி, பிறகு கன்றுக்கே காணாமல் போயிற்று. சுட்டியின் விலா எலும்பை வேலிக்கு அப்பால் நின்றே எண்ணலாம் போல இருந்தது. கட்டிப் பிடித்து, "குடியடி, என்ரை குஞ்செல்லோ, ஒரு வாய் குடி," என்று கிணற்றுத் தண்ணீரைச் சீனி கரைத்துக்கூட வைத்துப் பார்த்தாள். அது மூச்சை விட்டுக்கொண்டு அவள் தோளில் தாடையை வைத்தது.

இறைச்சிக்கு வாங்குகிறவர்கள் மணந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் படலைக்கு வெளியே நின்றே மாட்டைக் கண்ணால் நிறுத்தான். அவனை அவள் கெட்ட பேச்சுப் பேசித் துரத்தினாள். அண்ணி போன் எடுத்து, "ஏன் தனியக் கிடந்து மாயிறாய்? உன்ரை அறை அப்பிடியேதான் கிடக்குது, எப்பவும் வரலாம்," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். குசினிக்குப் பக்கத்தில் அரிசி மூட்டைகளோடு இருந்த அந்த அறை கேதீஸ்வரியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "பாப்பம் அண்ணி," என்று வைத்துவிட்டாள்.

சுட்டியை விற்பது என்று ஆவணி பிறக்கத்தான் மனதைக் கல்லாக்கினாள். வைத்திருந்தால் சாகும், அவ்வளவுதான் காரணம். பால் சங்கத்து ஆளிடம் சொல்லி, வளர்க்கிறவனாகப் பார்த்துப் பிடித்தாள். உரும்பிராய்ச் சதீசன், முப்பது வயதிருக்கும், எட்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவன். செம்மண், நல்ல தண்ணீர். கன்றையும் சேர்த்தே எடுப்பதாகச் சொன்னான். தாயையும் பிள்ளையையும் பிரிக்கக் கூடாது என்று அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அவன் நல்ல மத்தியான வெயிலில் ஒரு சின்னப் பட்டா லொறியைக் கொண்டுவந்து ஒழுங்கையில் நிற்பாட்டினான். பரராசசிங்கத்தார் கேட்காமலே வந்து பலகையைச் சாய்த்துப் பிடித்தார். கேதீஸ்வரி கயிற்றைப் பிடித்துச் சுட்டியைக் கூட்டி வந்தாள். அது வாகனத்தடி வரை பேசாமல் வந்துவிட்டு, பலகையைக் கண்டதும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. அவளைப் பார்த்து ஒருதரம் கத்தியது. கொட்டிலில் நின்ற கிழவி அங்கிருந்து பதில் குரல் கொடுத்தது. பரராசசிங்கத்தார் பின்னால் தள்ளப் போனார்.

"பொறுங்கோ ஐயா, களைச்சுப் போய் நிக்குது," என்றான் சதீசன். "ஏத்த முதல் தண்ணி காட்டுவம். வழியிலை வெக்கை பிடிச்சிடும்." முன் இருக்கையடியில் இருந்து ஒரு நீலக் கலனைத் தூக்கி வந்தான். வீட்டிலிருந்து அடைத்துக்கொண்டு வந்ததாம். பழைய பேசின் ஒன்றை நிலத்தில் வைத்து நிறைய ஊற்றினான்.

சுட்டி குனிந்தது. உதட்டை வைத்தது. பிறகு எடுக்கவேயில்லை. தொண்டைக்குள் தண்ணீர் இறங்குவது கழுத்தில் மேடு மேடாகத் தெரிந்தது. பேசின் காலியானதும் தலையைத் தூக்கிச் சதீசனைப் பார்த்தது. கேதீஸ்வரியைப் பார்க்கவில்லை. கயிறு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அவன் சிரித்துக்கொண்டு திரும்பவும் ஊற்றினான். கன்றும் ஓடி வந்து தாயின் கழுத்தடியால் தலையை நுழைத்தது.

"என்ன அக்கா, இதுக்கு நீங்கள் தண்ணி வைக்கிறேல்லையோ?" என்றான் அவன். பகிடியாகத்தான் கேட்டான்.

பரராசசிங்கத்தார் பலகையைப் பிடித்தபடி அப்பாலே பனைகளைப் பார்த்தார். கன்று முட்டிய முட்டில் பேசின் ஒரு பக்கம் சரியப் பார்த்தது. கேதீஸ்வரி கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வெயிலில் குந்தியிருந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் பேசினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தாயும் கன்றும் மூச்சு விடாமல் குடித்தன. தண்ணீர் இறங்க இறங்கப் பேசின் அவள் கைகளில் இலேசாகிக்கொண்டு வந்தது.